செஸ் போட்டிகளில் ஆட, தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்தால் போதுமா?

போதாது. அதை எனக்கு உணர்த்தியது, ஒரு அமெச்சூர் போட்டியில் கறுப்புக் காய்களோடு நான் ஆடிய காரோ-கான் தற்காப்பு என்ற தொடக்க முறை.

எதிராளி சிப்பாயை இ4 கட்டத்துக்கு நகர்த்தினார் (எழுத்து நெடுவரிசை, எண் கிடைவரிசை), நான் சி6. பிறகு டி4, டி5. அவருடைய குதிரை சி3-க்கு வந்தது. நான் இ4 சிப்பாயை வெட்டினேன், குதிரை திருப்பி வெட்டியது. நான்காவதாக என் குதிரையை டி7-இல் வைத்தேன். மற்றொரு குதிரை எஃப்6-க்கு வருவதற்கான ஏற்பாடு அது: அங்கே வெள்ளை வெட்டினால் குதிரையாலேயே திருப்பி வெட்டலாம், சிப்பாய் அமைப்பு குலையாது. இதுவரை மனப்பாடம்தான்.

அப்போது அவர் ராணியை இ2-இல் வைத்தார்.

என் கை ஜி8 குதிரையை நோக்கிப் போய்விட்டது. தொட்டால் அதைத்தான் நகர்த்த வேண்டும். தொடுவதற்குள் ஒரு கேள்வி தடுத்தது: தன் பிஷப்பின் வழியைத் தானே ஏன் அடைக்கிறார்? கையை இழுத்துக்கொண்டேன். அந்தக் குதிரை எஃப்6-க்கு வந்திருந்தால், அவருடைய குதிரை டி6-இல் பாய்ந்து செக்மேட்! என் இ7 சிப்பாயால் அதை வெட்ட முடியாது. விலகினால் இ2 ராணிக்கு என் ராஜா நேராக அகப்படும். ராஜா தப்பிக்க வேண்டிய கட்டங்களிலெல்லாம் என் காய்களே நிற்கின்றன. உலக சாம்பியன் பட்டம் வென்ற அலெகைன் 1935-இல் ஸ்பெயினின் பால்மாவில் அமெச்சூர் ஆட்டக்காரர்களை இப்படித்தான் வீழ்த்தினார். 1950-இல் எஸ்தோனிய கிராண்ட்மாஸ்டர் பால் கெரெஸும், சற்றே வேறு வரிசையில், இதே மேட்டைக் கொடுத்தார்.

பன்னிரண்டு நிமிடம் யோசித்து, டி7-இல் இருந்த குதிரையையே எஃப்6-க்கு நகர்த்தினேன். தொடக்கத்தில் ஒரே காயை இருமுறை நகர்த்தாதே என்பது பாலபாடம். ஆனால் இங்கே அந்தக் குதிரை விலகியதும் என் ராணி டி6-ஐக் காத்தது, டி4 சிப்பாயையும் குறிவைத்தது. சி8 பிஷப்புக்கும் வழி பிறந்தது. காரோ-கானை நான் விரும்பி ஆடுவதே அந்த பிஷப் சிறைப்படாமல் வெளியே வரும் என்பதற்காகத்தான்.

மேட் இல்லை என்றானதும் ஆட்டம் அமைதியானது. குதிரைகள் வெட்டுப்பட்டன, யானைகள் மட்டும் மிஞ்சிய இறுதிக்கட்டம் டிராவில் முடிந்தது.

ஆகவே நகர்த்தல்களைப் படியுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் அது எதற்காக என்று உங்கள் சொந்தச் சொற்களில் எழுதிவையுங்கள். ஆட்டம் முடிந்து எதிராளியும் நானும் சேர்ந்து அலசியபோது நாங்கள் தேடியதும் அந்தக் காரணங்களைத்தான். எஃப்1 பிஷப்பை வெளியே கொண்டுவர ராணியை மறுபடி நகர்த்த வேண்டியிருந்ததை அவரே சுட்டிக்காட்டினார்.