கறுப்புக் காயும் சி5 சிப்பாயும்

அன்புள்ள ஐயா,

மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வேலை குறைவு. சாயங்காலம் நானும் எட்டாம் வகுப்பு படிக்கும் மகளும் செஸ் போர்டை விரித்துவிடுவோம். பள்ளி திறந்ததும் குறுவட்டப் போட்டிக்குப் போக வேண்டும் என்கிறாள். வெள்ளைக் காய் என்றால் நன்றாக ஆடுகிறாள். கறுப்பு வந்தால் முகமே மாறிவிடுகிறது. யூடியூப் பார்த்து, கறுப்புக்கான தொடக்க ஆட்டங்களில் ஒன்றான சிசிலியன் தடுப்பை மனப்பாடம் செய்தாள். எதிராளி வேறு ஏதாவது நகர்த்தினால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இங்கே பக்கத்தில் கோச் யாரும் இல்லை. கறுப்புக்கு உறுதியான ஒரு தடுப்பு சொல்லுங்கள். டிரா ஆனாலும் சரி, தோற்காமல் இருந்தால் போதும்.

ஒரு வாசகர், மண்டபம்

அன்புள்ள நண்பருக்கு,

காரோ-கான் தடுப்பைச் சொல்லிக்கொடுங்கள். வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை, வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை என்று கட்டங்களை எண்ணிக்கொள்ளுங்கள்; காயின் பெயர் சொல்லாவிட்டால் அது சிப்பாய். வெள்ளை ஈ4 ஆடினால் கறுப்பு சி6. அடுத்து வெள்ளை டி4, கறுப்பு டி5. ஹொராஷியோ காரோ, மார்கஸ் கான் என்ற இருவர் 1886-ல் ஆராய்ந்து எழுதியது. 1961-ல் மிகைல் தால் என்ற ஆட்டக்காரரிடமிருந்து உலகப் பட்டத்தை 13–8 என்று மீட்ட போட்வின்னிக் அந்தப் போட்டியில் இதை நம்பித்தான் கறுப்பில் பலமுறை உட்கார்ந்தார். பிற்காலத்தில் உலகச் சாம்பியன் கார்போவுக்கும் இது கைவந்த ஆட்டம்.

ஃபிரெஞ்சுத் தடுப்பும் உறுதியானதுதானே என்று கேட்பீர்கள். 2024 உலகப் பட்டப் போட்டியின் முதல் ஆட்டத்தில் நம் குகேஷை டிங் லிரென் வீழ்த்தியது அதை ஆடித்தான். ஆனால் அதில் ஈ6 வைத்ததுமே சி8-ல் இருக்கும் பிஷப்புக்கு வழி அடைபட்டுவிடும். பழகியவர்கள் சமாளிப்பார்கள், பள்ளிப் பிள்ளைக்கு அது பெரிய தலைவலி. காரோ-கானில் சி6 சிப்பாய் டி5-க்கு முட்டுக் கொடுக்கிறது, பிஷப்பின் வழியும் திறந்தே இருக்கிறது. அதற்கு ஒரு விலை உண்டு. குதிரைக்கு உரிய சி6 கட்டத்தில் சிப்பாய் உட்கார்ந்துவிடுகிறது.

மூன்றாவது நகர்வில் வெள்ளை என்ன செய்யும் என்பதுதான் விஷயம். டி5-ஐ வெட்டினால் நீங்களும் சி சிப்பாயால் வெட்டிக்கொள்ளுங்கள். குதிரைக்கு சி6 கிடைத்துவிடும், பெரிய கவலை இல்லை.

குதிரையை சி3-க்குக் கொண்டுவந்தால், ஈ4-ல் வெட்டுங்கள். குதிரை திருப்பி வெட்டும். இப்போது பிஷப் எஃப்5. குதிரை ஜி3 வந்து விரட்டும், பிஷப் ஜி6 போகும். வெள்ளை எச்4 தள்ளினால் எச்6 ஆடியே ஆக வேண்டும். மறந்தால் எச்5 வந்து பிஷப் மாட்டிக்கொள்ளும். வெள்ளைக் குதிரை ஈ4-ல் வெட்டியதும், பிஷப் எஃப்5-க்குப் பதிலாக குதிரையை டி7-ல் வைக்கும் கிளை ஒன்றும் இருக்கிறது. நல்ல கிளைதான், ஆனால் மகளுக்கு இப்போது வேண்டாம். அதில் வெள்ளை ராணியை ஈ2-ல் வைத்ததும் யோசிக்காமல் இன்னொரு குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்தால், வெள்ளைக் குதிரை டி6-ல் குதித்து ஆறாவது நகர்விலேயே செக்மேட். ஈ7 சிப்பாயால் வெட்ட முடியாது, வெட்டினால் ராணிக்கு நேரே ராஜா நிற்பார். போர்டில் வைத்து மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 1997-ல் டீப் புளூ கணினியிடம் கடைசி ஆட்டத்தில் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் 19 நகர்வுகளில் தோற்றதும் இந்த டி7 கிளையில்தான். எச்6 சிப்பாயை ஒரு நகர்வு முன்னதாகத் தள்ளிவிட்டார், கணினி ஈ6-ல் குதிரையைப் பலி கொடுத்து உள்ளே புகுந்தது.

இனி மூன்றாவது நகர்வில் வெள்ளை ஈ5 என்று சிப்பாயை முன்னே தள்ளும் ஆட்டம். மண்டபம், பாம்பன் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து ஆடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இடம் கிடைத்தால் தள்ளிவிடுவார்கள். குறுவட்டப் போட்டியிலும் இதுதான் அதிகம் வரும், ஆகவே பாதி நேரத்தை இதற்கே ஒதுக்குங்கள். பிஷப்பை உடனே எஃப்5-க்குக் கொண்டுவந்து, அதன் பிறகு ஈ6. இந்த வரிசை மாறவே கூடாது. மாறினால் ஃபிரெஞ்சுக்காரர்களின் அடைபட்ட பிஷப் உங்கள் வீட்டுக்கும் வந்துவிடும். வெள்ளை டி3-ல் பிஷப்பை நீட்டினால் மகிழ்ச்சியாக மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு டி4, ஈ5 இரண்டு சிப்பாய்களும் கறுப்புக் கட்டத்தில் நிற்கும். வெள்ளையிடம் மிச்சமிருக்கும் பிஷப்பும் கறுப்புக் கட்டத்தில்தான் ஓட வேண்டும், அதன் வழியில் சொந்தச் சிப்பாய்களே நிற்பார்கள். உங்கள் குதிரைக்கோ ஈ7 வழியாக எஃப்5 என்ற அருமையான கட்டம் காலியாகிறது.

"தோற்காமல் இருந்தால் போதும்" என்று எழுதியிருந்தீர்களே, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அந்த நினைப்போடு உட்காருகிற பிள்ளை சி6, டி5, ஈ6 என்று மூன்று சிப்பாயையும் நட்டுவிட்டு, கோட்டை கட்டிக்கொண்டு காத்திருக்கும். வெள்ளை நிதானமாகக் காய்களை ராஜா பக்கம் திரட்டி வந்து அடிக்கும். காரோ-கானில் கறுப்புக்கு உயிர்நாடி சி5. சி6-ல் வைத்த அதே சிப்பாயை இன்னொரு கட்டம் தள்ளி டி4-ஐத் தாக்க வேண்டும். ஒரே தடவையில் வந்திருக்கலாமே, ஒரு நகர்வு வீண்தானே என்று தோன்றும். வீண்தான், ஆனால் அந்த நேரத்தில் பிஷப் வெளியே வந்துவிட்டதே! டி4 விழுந்தால் ஈ5-க்கு ஆதரவு போய்விடும். சி5-க்குப் பிறகு குதிரை சி6, ராணி பி6 என்று எல்லாம் அதே டி4 மேல் கண் வைக்கும், ராணி பி2-வையும் சேர்த்துப் பார்க்கும். ஒவ்வொரு நகர்விலும் "இப்போது சி5 தள்ளலாமா, ஏன் கூடாது?" என்று மகள் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். சிசிலியனில் அவள் திணறியதற்குக் காரணம் ஞாபக மறதி இல்லை என்றே நினைக்கிறேன். அந்த நகர்வுகள் எதற்காக என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

கோச் இல்லாதது குறைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் எதிரே உட்கார ஒரு அப்பா இருக்கிறாரே. ஈ5, பிஷப் எஃப்5 வரை காய்களை அடுக்கிவைத்து அங்கிருந்து ஆடுங்கள், அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறிக்கொள்ளுங்கள். வெள்ளையாக உட்கார்ந்து சி5 அடி வாங்கினால்தான் அதன் வலி தெரியும். லிசெஸ் (Lichess) என்ற செஸ் செயலி இலவசம், அதில் பத்து நிமிட ஆட்டம் ஆடட்டும். ஒரு நிமிட ஆட்டம் இப்போது வேண்டவே வேண்டாம்.

வெள்ளை டி4 என்று தொடங்கினால்? டி5, பிறகு சி4-க்கு சி6. அது ஸ்லாவ் தடுப்பு, சிப்பாய் அமைப்பு ஏறக்குறைய இதேதான். ஆனால் அங்கே பிஷப்பை அவசரப்பட்டு எஃப்5-க்கு அனுப்பினால் வெள்ளை ராணி பி3 வந்து பி7-ஐக் கடிக்கும். அதைத் தனியாக எழுதுகிறேன். காலாண்டுத் தேர்வு வரைக்கும் ஈ4-க்குப் பதில் மட்டும் போதும்.

ஆட்டம் முடிந்ததும் நகர்வுகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கறுப்பில் தோற்ற ஆட்டம் ஏதாவது இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், சி5 எந்த இடத்தில் தவறியது என்று பார்த்து மகளுக்கே எழுதுகிறேன்.

அன்புடன்