ஸ்பானிஷ் இலக்கணம் மனதில் நிற்க என்ன வழி?

‘இரு’ என்ற பொருளில் வரும் ‘ஸேர்’, ‘எஸ்தார்’ ஆகிய இரண்டு வினைச்சொற்களும் குழப்புகின்றன, உயிரில்லாத பொருளுக்கு ஆண்பால் பெண்பாலை எப்படி நினைவில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அட்டவணைகளை உருப்போட்டு ஒன்றும் தங்கவில்லை. படிக்கும் மேசைக்கு மேலே லத்தீன் அமெரிக்க வரைபடத்தை ஒட்டிய பிறகுதான் பிடிபட்டது. தினம் ஒரு நாடு, அதற்கு இரண்டு வாக்கியம். இவ்வளவுதான் வழி.

பெருவை எடுங்கள். ‘லிமா எஸ் லா கபிதால் தே பெரு’ என்றால் லிமா பெருவின் தலைநகரம். ‘லிமா எஸ்தா என் பெரு’ என்றால் லிமா பெருவில் இருக்கிறது. தமிழில் முதல் வாக்கியத்துக்கு வினைச்சொல்லே இல்லை, இரண்டாவதில் ‘இருக்கிறது’ வருகிறது. இடம் சொல்லும்போது அந்த ‘இருக்கிறது’தான் எஸ்தார் (வாக்கியத்தில் ‘எஸ்தா’), வினையே இல்லாமல் ‘இது இன்னது’ என்று முடித்தால் ஸேர் (வாக்கியத்தில் ‘எஸ்’). எல்லா இடத்திலும் இது பொருந்தாது (ஒருவர் உயரமாக ‘இருப்பதற்கு’ ஸேர்தான் வரும்), ஆனால் வரைபடத்தைப் பார்த்துப் பேசும்வரை நம்பலாம்.

ஆண்பால் பெண்பாலைக் கற்றுத் தந்தவை ஊர்ப்பெயர்கள். கோஸ்தா ரிகா, புவெர்தோ ரிகோ இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ‘கோஸ்தா’ கடற்கரை, பெண்பால். ‘புவெர்தோ’ துறைமுகம், ஆண்பால். வளமான என்ற ஒரே சொல் ஒன்றுக்கு ‘ரிகா’, மற்றதற்கு ‘ரிகோ’. நமக்கு நல்ல பையனும் நல்ல பெண்ணும் ஒரே ‘நல்ல’தான், அதனால் இது பழக நாளாகும். பன்மைக்கு புவெனோஸ் ஐரெஸ் (‘நல்ல காற்றுகள்’) இருக்கிறது: காற்றுக்கு ‘ஸ்’ சேர்ந்தால் ‘நல்ல’வுக்கும் சேர வேண்டும்.

ஆறுகள்தான் என்னை மிகவும் தடுமாற வைத்தன. காவிரியைத் தாய் என்று வளர்ந்தவர்களுக்கு ஆறு பெண்தானே! அங்கே ‘ரியோ’ (ஆறு) ஆண்பால், ஆகவே பெயருக்கு முன் ஆண்பாலுக்குரிய ‘எல்’ வரும் (பெண்பாலுக்கு ‘லா’): எல் அமசோனாஸ், எல் ஒரினோகோ. ஸ்பெயினில் ஓடும் குவாதியானா ‘ஆ’வில் முடிந்தாலும் ‘எல்’தான்.

‘உடைய’ என்ற பொருள் தரும் ‘தே’யும் ‘எல்’லும் புணர்ந்து ‘தெல்’ ஆவதற்கு தியெர்ரா தெல் ஃபுயேகோ, ‘தே லா’ புணராமல் நிற்பதற்கு ரியோ தே லா பிளாத்தா. தென் அமெரிக்காவின் தென்கோடியில் ஒன்று, அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும் இடையில் மற்றது.

‘நீ’ மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். ‘நீ இன்னார்’ என்பதற்கு மெக்சிகோவில் ‘தூ எரெஸ்’, அர்ஜென்டினாவில் ‘வோஸ் சோஸ்’. எந்த ஊர்க்காரரோடு பேசப் போகிறீர்களோ அந்த வடிவத்தை முதலில் பழகுங்கள், மற்றதைக் காதில் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும்.