பி.காம். படித்த ஜிம் டிரெய்னர் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் கோச் ஆக முடியுமா?

கேள்வி: வயது 24. பி.காம். முடித்துவிட்டு ஈரோட்டில் ஒரு ஜிம்மில் டிரெய்னராக இருக்கிறேன். மூன்று மாத ஃபிட்னஸ் சர்டிபிகேட் கோர்ஸ் ஒன்று முடித்திருக்கிறேன். விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் துறைக்குப் போக ஆசை. பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் மீடியம். சேமிப்பு ஒன்றரை லட்சம் இருக்கிறது. எந்த கோர்ஸில் சேரலாம்? வேலையை விட்டுவிட்டுப் படிக்கலாமா?

பதில்: முடியும் தம்பி. வேலையை மட்டும் விடாதீர்கள், அந்த ஒன்றரை லட்சத்தையும் இப்போதைக்கு எந்த கோர்ஸிலும் மொத்தமாகக் கொட்டாதீர்கள். இந்தத் துறைக்கு வர நினைக்கும் பெரும்பாலானவர்கள் "எந்த கோர்ஸ்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் வேறு ஒன்றிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன்: எந்த வீரர்கள்? உங்கள் கையில் ஒரு அணி, அது பள்ளி அணியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு சீசன் முழுக்க இருக்க வேண்டும். சர்டிபிகேட் அதோடு சேர்ந்து நடக்கட்டும். அணி இல்லாமல் படித்தவர்கள் நேர்முகத்தில் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் இந்த வேலை என்ன என்று தெளிவாகிவிடலாம். ஜிம்முக்கு வருபவருக்கு எடை குறைய வேண்டும், உடம்பு தெரிய வேண்டும், மூட்டு வலி போக வேண்டும். அவருக்கு ஜிம்தான் களம். விளையாட்டு வீரருக்குக் களம் வெளியே இருக்கிறது. அவர் ஸ்குவாட்டில் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) 20 கிலோ கூட்டியதால் மைதானத்தில் எதுவும் மாறவில்லை என்றால், அந்த 20 கிலோ உங்களுக்குத்தான் சந்தோஷம், அவருக்கு இல்லை. அவர் வேகமாக ஓட வேண்டும், சட்டென்று நிற்க வேண்டும், முக்கியமாக சீசன் முழுக்கக் காயமில்லாமல் ஆட வேண்டும். இதற்கு அவருடைய விளையாட்டு கோச், பிசியோ, வீட்டார் எல்லோரோடும் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கும். நம் ஊரில் இது புதிய துறையும் இல்லை. 2011-ல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த ராம்ஜி சீனிவாசனும், கோலி காலத்து அணியில் இருந்த சங்கர் பாசுவும் சென்னைக்காரர்கள்.

உங்கள் பக்கம் கபடி நன்றாக ஓடும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தப் படிப்பின் சாரம் முழுக்க ஒரு விளையாட்டைப் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஆட்டம் 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒரு ரைடு, அதாவது எதிரணிக் களத்துக்குள் பாடிப் போய் வருவது, அதிகபட்சம் 30 விநாடி. அந்த 30 விநாடியிலும் பெரும்பகுதி அலைந்து நோட்டம் பார்ப்பது. உயிரைக் கொடுத்துச் செய்யும் வேலை இரண்டு மூன்று விநாடிதான். காலை நீட்டித் தொடுவது, கார்னரில் நிற்கும் எதிரணி ஆள் கணுக்காலைப் பிடிக்க வரும்போது இழுத்துக்கொள்வது, இடுப்பில் இரண்டு பேர் தொங்க நடுக்கோட்டை நோக்கிப் பாய்வது. இந்த இரண்டு மூன்று விநாடிக்கான சக்தி தசையில் ஏற்கெனவே இருக்கும் உடனடி எரிபொருளான ஏடிபி, கிரியேட்டின் பாஸ்பேட்டிலிருந்து வருகிறது. அடுத்த ரைடுக்குள் அது மறுபடி நிரம்ப, ஆக்சிஜனைக் கொண்டு உடம்பு சக்தி தயாரிக்கும் வழி உதவுகிறது. இப்போது யோசியுங்கள், தினமும் கிரவுண்டை பத்து ரவுண்டு ஓடவிடுவது இந்த ரைடருக்கு எவ்வளவு உதவும்? ரைடுக்கு ரைடு மீண்டு வர ஓரளவு உதவும், அவ்வளவுதான். பாய்ச்சலையோ, பிடியை உதறும் பலத்தையோ அது தராது. அதற்குக் கனமான ஸ்குவாட், ஒற்றைக்கால் பயிற்சிகள், பக்கவாட்டில் ஒரு காலை எட்டி வைத்து இறங்கும் லஞ்ச், தொடை உள்தசைக்கான வேலை, கைப்பிடி பலம், கழுத்து, அப்புறம் நன்றாக ஓய்வு விட்டுச் செய்யும் குறுகிய ஸ்பிரிண்ட் என்று போக வேண்டும்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால், கபடியில் முழங்கால் போவது பல நேரம் நிற்கும்போதும் திரும்பும்போதும்தான். ஓடச் சொல்லிக் கொடுக்க எல்லோரும் இருக்கிறார்கள், நிற்கச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. ஒரு பையனை 10 மீட்டர் ஓடவிட்டு ஒரு கோட்டில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். முட்டி உள்பக்கம் சாய்கிறதா, உடம்பு முன்னால் கவிழ்கிறதா, நிற்க எத்தனை அடி கூடுதலாக எடுக்கிறான் என்று மொபைலில் பக்கவாட்டிலிருந்து ஒன்று, நேரே முன்னாலிருந்து ஒன்று எடுத்து, மெதுவாக ஓட்டிப் பாருங்கள். அந்த ஒரு வீடியோவுக்குள் உடற்கூறு, பயோமெக்கானிக்ஸ் (உடல் அசைவின் இயக்கவியல்), கோச்சிங் மூன்றும் இருக்கிறது. அதில் பார்ப்பதற்குப் பெயர் தெரியவில்லை என்றால் அதுதான் நீங்கள் அடுத்துப் படிக்க வேண்டிய பாடம்.

படிப்புக்கு வருகிறேன். தமிழ் மீடியம் என்பதை ஒரு குறையாக எழுதியிருக்கிறீர்கள், அப்படி நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசின் பதினொன்றாம் வகுப்பு உயிரி-விலங்கியல் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாசம், இரத்த ஓட்டம், இடப்பெயர்ச்சி மற்றும் இயக்கம், நரம்பு ஒருங்கிணைப்பு என்று நமக்கு வேண்டிய பாடங்கள் அதில் இருக்கின்றன. தசைப் புரதங்களான ஆக்டின், மயோசின் எப்படி வழுக்கித் தசை சுருங்குகிறது என்பது வரைக்கும் படத்தோடு இருக்கும். தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டும் இலவச பிடிஎஃப்பாகக் கிடைக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள், முதலில் தமிழில் புரிந்துகொண்டு பிறகு அதே பத்தியை ஆங்கிலத்தில். பி.காம். படித்தவருக்கு இதைவிடச் செலவில்லாத, பிழையில்லாத தொடக்கம் எனக்குத் தெரிந்து கிடையாது. இதைத் தாண்டாமல் நேராகச் சர்வதேசப் பாடநூலில் கை வைத்தவர்கள் ஐம்பது பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார்கள்.

சர்டிபிகேட்டில் உலகம் முழுக்க மதிப்பு அதிகம் உள்ளது அமெரிக்காவில் இந்தத் துறைக்கான சங்கமான என்எஸ்சிஏ நடத்தும் சிஎஸ்சிஎஸ் தேர்வுக்கானது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பலப் பயிற்சியாளராக இருந்த பாய்ட் எப்லி 1978-ல் தொடங்கிய சங்கம் அது. சிஎஸ்சிஎஸ் 1985-ல் வந்தது. தேர்வு இரண்டு பகுதி. அறிவியல் பகுதியில் 95 கேள்வி, ஒன்றரை மணி நேரம். செயல்முறைப் பகுதியில் 125 கேள்வி, இரண்டரை மணி நேரம். இதில் வீடியோவும் படமும் காட்டி "இங்கே என்ன தப்பு" என்ற மாதிரி கேட்பார்கள். மதிப்பெண்ணுக்கு எடுக்காத சோதனைக் கேள்விகளும் இரண்டிலும் கலந்திருக்கும். இரண்டு பகுதியிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். கூடவே, இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவியான சிபிஆர்–ஏஇடி பயிற்சியில் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும்.

இதில் உங்களுக்கு மிக முக்கியமான ஒரு விஷயம். இன்றைக்கு எந்தப் பாடத்தில் இளநிலைப் பட்டம் இருந்தாலும் இந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் 2030-லிருந்து அங்கீகரிக்கப்பட்ட ஸ்ட்ரெங்த் அண்ட் கண்டிஷனிங் பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கே என்று என்எஸ்சிஏ அறிவித்திருக்கிறது. அதாவது உங்கள் பி.காம்.-க்கு இந்தக் கதவு திறந்திருக்கும் காலம் குறைவு. கட்டணம் கட்டும் முன் ஒரு காரியம் செய்யுங்கள்: உங்கள் மூன்று வருடப் பட்டத்தின் விவரத்தைச் சொல்லி, இது ஏற்கப்படுமா என்று அவர்களுக்கே மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். இங்கே சிஎஸ்சிஎஸ் கோச்சிங் கிளாஸ் நடத்துபவர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

ஆஸ்திரேலியாவில் இதே துறைக்கான சங்கமான ஏஎஸ்சிஏ தரும் லெவல் 1 சான்றிதழ் இன்னொரு நல்ல வழி. அதில் தேர்வைவிடக் கற்றுக்கொடுக்கும் முறைக்கும் செய்து காட்டுவதற்கும் இடம் அதிகம். இந்திய விளையாட்டு ஆணையமான சாய், இந்தப் பணிக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளில் இந்தச் சான்றிதழ்களையும் தகுதியாகக் குறிப்பிடுவது வழக்கம். அவர்களுடைய பழைய அறிவிப்புகளை இறக்கி, தகுதி என்ற பத்தியை மட்டும் படியுங்கள், எந்தச் சான்றிதழுக்கு மதிப்பு என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனமான என்ஐஎஸ்ஸின் ஆறு வாரச் சான்றிதழையும் நிறையப் பேர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது அந்தந்த விளையாட்டின் கோச்சிங்குக்கானது.

பட்டப்படிப்பு வழி என்றால் வண்டலூர் பக்கம் மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, நந்தனத்தில், 1920-ல் தொடங்கப்பட்ட ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது, போரூர் ராமச்சந்திராவில் விளையாட்டு அறிவியல் படிப்புகள் இருக்கின்றன. பி.காம்.-க்கு எல்லா எம்.எஸ்சி.யும் திறக்காது, நுழைவுத் தகுதியை அந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பச் சுமை இல்லாமல் இரண்டு வருடம் ஒதுக்க முடிந்தால் இது நீண்ட காலத்துக்கு நல்லது.

சரி, சான்றிதழ் வரும் வரை அணியோடு என்ன செய்வது? பக்கத்துப் பள்ளி உடற்கல்வி ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். "நான் சொல்லித் தருகிறேன்" என்று போகாமல், வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு முன் வார்ம்-அப்பை நான் பார்த்துக்கொள்கிறேன் சார் என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், அவருக்கு அறுபது பிள்ளைகள், ஒரு விசில். வளரும் பிள்ளைகள் வெயிட் தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்று பெற்றோர் பயப்படுவார்கள். தகுந்த மேற்பார்வையோடு, முறை பழகிய பிறகு எடை ஏற்றினால் அப்படி ஆகாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு அதன்படியே நடங்கள்: முதல் சில வாரம் உடல் எடையிலும் கம்பிலும் மட்டும்.

கூடவே ஒரு நோட்டு போடுங்கள். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "இன்றைக்கு எவ்வளவு கஷ்டம், பத்துக்கு எத்தனை" என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டு, அதைப் பயிற்சி நடந்த நிமிடத்தோடு பெருக்குங்கள். 60 நிமிடம், கஷ்டம் 7 என்றால் 420. ஒரு வாரத்துக்குக் கூட்டி, அடுத்த வாரத்தோடு ஒப்பிடுங்கள். காலையில் ஆசிரியர் கொடுத்ததும் மாலையில் நீங்கள் கொடுத்ததும் இதில் சேர்ந்துதான் வர வேண்டும். எண் திடீரென்று எகிறிய வாரத்தில் என்ன நடந்தது, யார் வலி சொன்னார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். செலவே இல்லாத இந்த முறையைப் பெரிய அணிகளும் பயன்படுத்துகின்றன. எடைக்கும் அப்படித்தான், பள்ளிப் பையனை அதிகபட்ச எடை தூக்கவிட்டுச் சோதிக்க வேண்டியதில்லை. 60 கிலோவை 5 முறை சுத்தமாகத் தூக்கினால், அதே எப்லியின் பெயரில் உள்ள கணக்குப்படி 60-ஐ 5/30 பங்கு கூட்ட 70 கிலோ வரும். திட்டம் போட அது போதும்.

இரண்டு விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். ஒன்று, உடல்நல ஆபத்து. ஏப்ரல், மே வெயிலில் ஒரு பிள்ளை குழறிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ முதலில் குளிர்ந்த நீர், ஐஸ் எதுவானாலும் வைத்து உடம்பைக் குளிரவையுங்கள். கூட இருப்பவர் 108-ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று கைகட்டி நிற்கக் கூடாது. புதிதாக வந்தவனுக்கு முதல் நாளே நூற்றுக்கணக்கில் பைட்டக் (உட்கார்ந்து எழுவது) போடவைத்து மறுநாள் சிறுநீர் காபி நிறத்தில் போனால் அது வீரத்துக்கு அடையாளம் கிடையாது, தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது, உடனே மருத்துவமனை. இதனால்தான் உங்கள் முதல் செலவு சிபிஆர் பயிற்சியாக இருக்க வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று, பவுடரும் ஊசியும். ஜிம்மில் கமிஷனுக்கு சப்ளிமென்ட் விற்கும் பழக்கம் இருந்தால் இந்தத் துறைக்கு வரும்போது அதை வாசலிலேயே விட்டுவிடுங்கள். டப்பாவில் எழுதாத தடைசெய்யப்பட்ட பொருள் உள்ளே இருந்தாலும், சோதனையில் வந்தால் பொறுப்பு வீரருடையதுதான். தடை நான்கு வருடம் வரை போகலாம். கொடுத்தது நீங்கள் என்று தெரிந்தால் உங்களுக்கும் தடை உண்டு. பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நான்கு வருடம் என்றால் அவனுடைய ஆட்டக்காலத்தில் பாதி.

பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். இந்த வேலை பெரும்பாலும் ஒப்பந்தம், சீசனுக்கு சீசன் மாறும். ஐபிஎல், புரோ கபடி மாதிரி இடங்கள் மிகக் குறைவு. அகாடமி, பள்ளி, பிசியோ கிளினிக், விளையாட்டு விடுதி இவற்றில்தான் தொடக்கம். முதல் சில வருடம் ஜிம் சம்பளமும் தனி கிளையன்ட்டுகளும்தான் வீட்டை ஓட்டும். அதனால் சேமிப்பில் சிபிஆருக்கும் பாடநூலுக்கும் இப்போது எடுங்கள், தேர்வுக் கட்டணம் டாலரில் வரும், அதைத் தனியாக ஒதுக்கி வையுங்கள், மிச்சம் வங்கியிலேயே இருக்கட்டும். தேர்வை ஒரு சீசன் முடிந்த பிறகு எழுதுங்கள், ஆனால் 2030-ஐ மனதில் வைத்து ரொம்பவும் தள்ளிப் போட வேண்டாம்.

பள்ளிக்குப் போகும்போது அந்த ஆசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போன சீசனில் யார் யாருக்கு எங்கே அடிபட்டது, எத்தனை நாள் ஆடவில்லை என்பது. அவர் சொல்வதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், உங்கள் முதல் மாதப் பயிற்சித் திட்டம் அதிலிருந்து வரட்டும்.