சேமித்து வைத்த உருளைக்கிழங்கில் புழு வருகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு கிழங்கை எடுத்து அதன் கண்ணை, அதாவது முளை வரும் சின்னக் குழியைப் பாருங்கள். கண்ணின் ஓரத்தில் கறுப்பாக, குருணை மாதிரி, மெல்லிய நூலில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னக் குவியல் இருக்கிறதா? அது அந்துப்பூச்சியின் புழு வெளியே தள்ளிய எச்சம். அந்த இடத்தில் கத்தி வைத்துப் பிளந்தால் வளைந்து வளைந்து போகும் கறுத்த வழியும், அதன் கடைசியில் பழுப்புத் தலையோடு வெளுத்த புழுவும் இருக்கும். ஒரு சென்டிமீட்டர் நீளம் இருந்தாலே அதிகம்.

உங்கள் கேள்வியைப் பார்த்தால், தோண்டி ஒரு மாதம் ஆகியிருக்கும், கிடங்குதான் சரியில்லை என்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நானும் அதைத்தான் செய்தேன். சுவர் வெள்ளையானது, புழு குறையவில்லை. காரணம், அதை வயலிலிருந்து கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான்.

அந்த வருடம் இலைகளில் காகிதம் மாதிரி காய்ந்த திட்டுகள் வந்தன. கருகல் நோய் என்று நினைத்து பூஞ்சணக் கொல்லி அடித்தேன். அது நோயே இல்லை, இலையின் இரண்டு தோலுக்கும் நடுவில் புழு புகுந்து தின்ற தடம். இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருந்தால் உள்ளே புழு நிழலாகத் தெரிந்திருக்கும். பிடிக்கவில்லை. சரி, அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை.

தோண்டிய அன்று சாயங்காலம் ஆகிவிட்டது, வண்டி வரவில்லை. கிழங்கை வயலிலேயே குவித்தோம். மறுநாள் வெயில் பட்டால் பச்சையாகிவிடுமே என்று மேலே எதையாவது மூட வேண்டும். என்னிடம் நல்ல தார்ப்பாய் ஒன்று இருந்தது, அதாவது இருந்திருக்க வேண்டும். அதை என் மச்சான் இரண்டு மாதத்துக்கு முன்னால் "நாளைக்கே தந்துடறேன் மாமா" என்று வாங்கிப்போய், கேட்கும்போதெல்லாம் மடித்து வைத்திருக்கிறேன் மாமா, துவைத்து வைத்திருக்கிறேன் மாமா என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் ஏணியும் அவரிடம்தான் இருக்கிறது. இரவல் வாங்குகிறவர்களுக்கு ஞாபக மறதி எப்படித்தான் வருகிறதோ, கொடுத்தவனுக்கு மட்டும் தேதி உட்பட நினைவிருக்கிறது. அதை விடுங்கள். தார்ப்பாய் இல்லாததால் அறுத்துப்போட்ட உருளைக்கிழங்குச் செடியின் தழையையே அள்ளிக் குவியல் மேல் மூடினேன்.

அதுதான் நான் செய்த பெரிய தப்பு. தழை வாடியதும் அதில் இருந்த புழுவெல்லாம் சாப்பாடு தேடிக் கீழே இறங்கியது, கீழே இருந்தது என் கிழங்கு. போதாததற்கு இந்த அந்து பொழுது சாய்ந்தபின் சுறுசுறுப்பாகும். வெளியே கிடக்கும் கிழங்கின் கண்ணில் முட்டை வைக்கும். ஒரு பெண் அந்து நூறு முட்டைக்கு மேல்கூட இடும். வெதுவெதுப்பான இடத்தில் மூன்று நான்கு வாரத்தில் முட்டை அந்தாகிவிடும். நான் கிடங்குக் கதவைத் திறந்து மூட்டையைத் தட்டியபோது சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாகப் பறந்தது அடுத்த தலைமுறை.

"குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் தீர்ந்தது" என்று யாராவது வருவார்கள். தெரியும் ஐயா, 10 டிகிரிக்குக் கீழே போனால் இது அநேகமாக வளராது. அந்த வசதி இருப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். நான் பூச்சியியல் படித்தவனும் இல்லை, பட்டதைச் சொல்கிறேன்.

இப்போது நான் பார்த்துக்கொள்வது முக்கால்வாசி வயலில்தான். ஆழமாக நடுவது, கிழங்கு பருக்கும்போது வெளியே தெரியாதபடி மண் அணைப்பது. இதைச் சோம்பேறித்தனப்பட்டு ஒரு தடவையோடு விடக் கூடாது, கிழங்குக்கு மேலே 5 சென்டிமீட்டராவது மண் நிற்க வேண்டும். மண் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகத்தான் புழு கிழங்குக்குப் போகிறது, அதனால் கடைசி நாட்களில் தண்ணீரை ஒரேயடியாக நிறுத்துவதில்லை. தழை காய்ந்த பிறகு கிழங்கை மண்ணுக்குள் வாரக்கணக்கில் விடுவதில்லை. தோண்டியதை அன்றைக்கே உள்ளே கொண்டுபோவது, முடியாவிட்டால் தார்ப்பாய் (புதிது வாங்கிவிட்டேன்). இனக்கவர்ச்சிப் பொறியும் (பெண் அந்தின் வாசனையைக் காட்டி இழுக்கும் பொறி) வைக்கிறேன். ஆனால் அதில் விழுவது ஆண் அந்து மட்டும், எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்று தெரிந்துகொள்ள நல்லது. அதை மட்டும் நம்பி உட்கார முடியாது.

கிடங்கில் இப்போது நீங்கள் செய்ய வேண்டியது குவியல் முழுவதையும் கலைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவது. சலிப்பான வேலைதான். எச்சம் தெரிகிற கிழங்கை மூலையில் ஒதுக்கி வைக்காதீர்கள், அங்கிருந்தே திரும்பப் பறந்து வரும். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். கூட்டுப்புழு சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் தூசு ஒட்டிக்கொண்டு இருக்கும், அதையும் தேய்த்து எடுங்கள். நல்ல கிழங்கின் அடியிலும் மேலேயும் காய்ந்த உண்ணிச்செடி இலை அல்லது தைல மர இலையைப் பரப்புவது பல இடங்களில் உள்ள பழக்கம், நானும் செய்கிறேன், முட்டை வைப்பது குறைகிறது. இலை கிடைக்காவிட்டால் மேலே காய்ந்த நைஸ் மணல். பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாப் பொடியும் தூவலாம், ஆனால் அது புழு உள்ளே துளைத்துப் போவதற்கு முன்னால்தான் வேலை செய்யும். உள்ளே போன புழுவை மேலே தூவும் எதுவும் தொடாது. சாப்பிடுகிற கிழங்கின் மேல் பூச்சிக்கொல்லியைக் கொட்டுகிற யோசனை இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, பொறுக்கி எடுத்த நல்லதிலிருந்து விதைக்கு எடுத்து வைக்காதீர்கள். கண்ணில் ஒட்டியிருக்கும் முட்டை வெறும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அதைச் சீக்கிரம் சமைத்தோ விற்றோ தீர்த்துவிட்டு, விதையை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கலைத்துப் பார்த்துவிட்டு பாதிக்கு மேல் போயிருந்தால் எழுதுங்கள், எனக்கும் அந்த வருடம் கிட்டத்தட்ட அவ்வளவுதான் போனது.