டார்வினும் புறாக்களும் நீலகிரி ரத்தமும்: பரிணாமம் பற்றிய கேள்வி பதில்

விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பரிணாமக் கொள்கையின் வரலாறு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

சார், குரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னா இப்பவும் ஏன் குரங்கு இருக்கு? (பிளஸ் டூ மாணவர்)

தம்பி, உன் பெரியப்பா மகன் இருக்கும்போதே நீயும் இருக்கிறாய் அல்லவா? அவரிடமிருந்து நீ பிறக்கவில்லை. இருவருக்கும் தாத்தா ஒருவர். சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. அதன் ஒரு கிளை அங்கே போனது, இன்னொன்று இங்கே வந்தது.

ராயபுரத்துல இருபது வருஷமா புறா வளர்க்கிறேன். டார்வினும் புறா வளர்த்தாராமே, நிஜமா?

நிஜம்தான். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. 1855-இல் டார்வின் தன் வீட்டில் புறாக்கூண்டு கட்டினார். லண்டனில் இரண்டு புறா கிளப்புகளில் சேர்ந்து, புறா வளர்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசினார். 1859-இல் வந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் முதல் அத்தியாயத்தில் அதிகம் பேசப்படுவது சிங்கமோ திமிங்கலமோ இல்லை, புறாதான்.

விசிறிபோல் வால் விரிக்கும் லக்கா புறாவையும் கர்ணப் புறாவையும் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு பறவை என்றே தோன்றும். மற்ற புறாக்களுக்கு வால் இறகு 12 அல்லது 14. லக்காவுக்கு 30, 40 வரை. ஆனாலும் எல்லாமே மாடப்புறா வம்சம்தான் என்றார் டார்வின். அதற்கு அவர் காட்டிய சாட்சி உங்களுக்கு உடனே புரியும். முழு வெள்ளை லக்காவை 'பார்ப்' என்ற வகையைச் சேர்ந்த முழுக் கறுப்புப் புறாவோடு இணை சேர்த்தார். பிறந்தவை பழுப்பும் கறுப்புமாகக் கலந்திருந்தன. அவற்றை மறுபடி தங்களுக்குள் சேர்த்தபோது, பேரக்குஞ்சுகளில் ஒன்று நீல உடம்பு, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டை, வெள்ளை இடுப்பு என்று அசல் காட்டு மாடப்புறாவாகவே வந்து நின்றது. தாத்தா பாட்டி யாருக்கும் இல்லாத நிறம், அதற்கும் முந்தைய முன்னோரிடமிருந்து திரும்பி வந்திருக்கிறது.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட், டார்வினுக்குப் புறாத் தோல்களை அனுப்பி உதவியிருக்கிறார். அந்த முதல் அத்தியாயத்திலேயே டார்வின் அவருக்கு நன்றி சொல்கிறார்.

நீங்கள் நல்ல ஜோடியைப் பொறுக்கி இணை சேர்க்கிறீர்களே, அதே வேலையை யாரும் பொறுக்காமலே இயற்கை செய்கிறது என்பதுதான் அவருடைய வாதம். இதற்குத்தான் இயற்கைத் தேர்வு என்று பெயர். பொறுக்குவதற்கு முதலில் குஞ்சுக்குக் குஞ்சு வித்தியாசம் இருந்தாக வேண்டும். பரிணாமம் என்றதும் எல்லோருக்கும் 'போராட்டம்' ஞாபகம் வருகிறது. எனக்கு இந்த வித்தியாசம்தான் உயிர்நாடி.

வாலஸை டார்வின் ஏமாற்றிவிட்டார் என்று படித்தேன்.

1838-இலேயே டார்வினுக்கு இயற்கைத் தேர்வு என்ற யோசனை வந்துவிட்டது. 1842-இல் சிறு குறிப்பு, 1844-இல் பெரிய கட்டுரை. தான் இறந்துபோனால் அதை அச்சிடும்படி மனைவி எம்மாவுக்குக் கடிதமும் எழுதி வைத்தார். பிறகு எட்டு வருடம் பாறையிலும் கப்பலடியிலும் ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1858 ஜூனில் மலாய்த் தீவுகளிலிருந்து ஆல்ஃபிரட் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளரின் கட்டுரை தபாலில் வந்தது. காய்ச்சலில் படுத்திருந்தபோது வாலஸுக்குத் தோன்றியதும் அதே கொள்கைதான்.

டார்வினின் விஞ்ஞானி நண்பர்கள் லயலும் ஹூக்கரும் ஏற்பாடு செய்து, ஜூலை 1 அன்று லண்டனின் லின்னேயன் அறிவியல் சங்கத்தில் இருவர் எழுத்தையும் சேர்த்து வாசிக்க வைத்தார்கள். டார்வின் வரவில்லை. அவருடைய ஒன்றரை வயது மகன் மூன்று நாள் முன்புதான் இறந்திருந்தான். கட்டுரை வாசிக்கப்படுவதே தெரியாமல் வாலஸ் தீவுகளில் பூச்சி சேகரித்துக்கொண்டிருந்தார். திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வாலஸிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது தவறுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. வாலஸுக்கு அந்தக் கசப்பு இருந்ததாகத் தெரியவில்லை. 1889-இல் அவர் எழுதிய நூலுக்கே 'டார்வினியம்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெரிய மனசு பாடப்புத்தகத்தில் வரவேண்டும்.

கலாபகஸ் குருவிகளைப் பார்த்ததும் டார்வினுக்குப் பளிச்சென்று புரிந்ததாமே?

இல்லை. 1835-இல் பசிபிக் கடலின் அந்தத் தீவுகளில் சுட்டுச் சேகரித்த குருவிகளில் எது எந்தத் தீவு என்றுகூட அவர் ஒழுங்காகக் குறிக்கவில்லை. அவை எல்லாம் ஒரே கூட்டத்தைச் சேர்ந்த தனித்தனி இனங்கள் என்று 1837-இல் சொன்னவர் பறவை நிபுணர் ஜான் கூல்ட்.

அந்தக் குருவிகளின் பெரிய கதை பின்னால் நடந்தது. உயிரியலாளர்கள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் 1973 முதல் கலாபகஸின் டாஃப்னே மேஜர் என்ற குட்டித் தீவில் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு, அலகை அளந்து வந்தார்கள். 1977-இல் மழை பொய்த்தது. சின்ன விதைகளைக் குருவிகள் தின்று தீர்த்துவிட்டன. மிச்சம் இருந்ததில் முக்கியமானது நெருஞ்சி. நம் ஊரில் காலில் குத்துமே, அதன் நெருங்கிய உறவு. அந்த முள்காயை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். தடித்த அலகுக் குருவிகள் அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்தது, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். லட்சம் வருடம் காத்திருக்கத் தேவையில்லாமல் கண்முன்னே அளந்த பரிணாமம் இது.

மரபணு பற்றி டார்வினுக்குத் தெரியுமா?

தெரியாது. பண்புகள் தலைமுறைக்குத் தலைமுறை எப்படிப் போகின்றன என்று காட்டிய மெண்டலின் பட்டாணி ஆய்வு 1866-லேயே அச்சாகியும், அதன் அருமை 1900-இல்தான் உலகுக்குத் தெரிந்தது. டார்வின் 1882-இல் இறந்துவிட்டார்.

"வலுத்தவன் வாழ்வான்" என்று சொல்லி இனவெறிக்கு வழிகாட்டியவர் டார்வின்தானே?

'தகுதியுள்ளதே தப்பிப் பிழைக்கும்' என்ற தொடர் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864-இல் எழுதியது. டார்வின் அதைத் தன் நூலின் 1869 பதிப்பில் எடுத்துக்கொண்டார், எடுக்காமல் இருந்திருக்கலாம். தகுதி என்றால் வலிமை இல்லை. டாஃப்னே தீவில் 1977-க்கு முன் சின்ன அலகும் தகுதிதான்.

ஆனால் நடந்த கொடுமை உண்மை. டார்வினின் உறவினர் ஃபிரான்சிஸ் கால்டன் 1883-இல் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கினார், நல்ல வம்சத்தை மட்டும் பெருக்கும் திட்டம். 1927-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கேரி பக் என்ற இளம்பெண்ணுக்கு அவர் விருப்பத்துக்கு எதிராகக் கருத்தடை செய்வது சரி என்று தீர்ப்பளித்தது. 1933-இல் ஜெர்மனியின் நாஜி அரசு கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டது. விஞ்ஞானிகள் பலர் அதற்குத் துணை நின்றார்கள், அந்தப் பழியை நாங்கள் சுமக்கத்தான் வேண்டும். வித்தியாசமே முதலீடு என்று சொன்ன கொள்கையை வைத்து வித்தியாசத்தையே அழிக்கப் புறப்பட்டார்கள்.

கூடலூர்ப் பக்கம் நர்ஸாக இருக்கிறேன். சிக்கிள் செல் இவ்வளவு கெட்ட நோய், இயற்கைத் தேர்வு ஏன் இதை ஒழிக்கவில்லை?

அம்மா, இதைவிட நல்ல கேள்வி இன்று வரவில்லை. ஹீமோகுளோபின் என்ற ரத்தப் புரதத்தின் ஒரு வகைச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுவதால் சிவப்பணு கதிர் அரிவாள்போல் வளைகிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்தால் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பொதுவாக நோய் இல்லை, கூடவே மலேரியாவின் கடுமையிலிருந்து பாதுகாப்பு. 1954-இல் ஆந்தனி ஆலிசன் என்ற மருத்துவ ஆய்வாளர் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதைக் காட்டினார். இந்தியாவில் இந்த மரபணுவை 1952-இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் கண்டறிந்தது உங்கள் நீலகிரியில்தான்.

கொசு நிறைந்த காட்டில் எத்தனையோ தலைமுறை பிழைத்து வந்ததன் தடயம் அது. ரத்த சோகையோடு வரும் பழங்குடிப் பிள்ளையின் தாயிடம் யாராவது "உங்க ரத்தமே சரியில்லை" என்று சொன்னால், தயவுசெய்து நீங்கள் குறுக்கிட்டு இதை எடுத்துச் சொல்லுங்கள். தாய், தந்தை இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்களானால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. அதனால்தான் கல்யாணத்துக்கு முன்பே பரிசோதனை செய்யச் சொல்கிறோம்.

மலேரியாவுக்கும் பரம்பரை ரத்த நோய்க்கும் இப்படித் தொடர்பு இருக்கலாம் என்று 1949-லேயே தலசீமியாவை வைத்து ஊகித்தவர் பிரிட்டிஷ் மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன். 1957-இல் இந்தியாவுக்கு வந்தார், குடியுரிமை பெற்றார், 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார்.

என் பையன் சி.பி.எஸ்.இ. பத்தாவது. புத்தகத்தில் பரிணாமமே இல்லை. வீட்டில் எப்படிச் சொல்லித்தருவது?

சி.பி.எஸ்.இ. பள்ளிகளின் பாடநூல்களைத் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி. அந்தப் பகுதியை எடுத்தபோது, 2023-இல் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாவது உயிரியலில் இருக்கிறது என்பது சமாதானம் ஆகாது. பத்தாவதுக்குப் பிறகு பெரும்பாலான பிள்ளைகள் உயிரியலே எடுப்பதில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் பத்தாவதிலேயே 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று தனிப் பாடம் உண்டு. அதை வாங்கிக் கொடுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. அடுத்த தடவை மொச்சைக்காய் ஒரு கிலோ வாங்கி, பையனை உரிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காயிலும் எத்தனை விதை என்று எண்ணி, ஒரு விதைக் காய், இரண்டு விதைக் காய், மூன்று விதைக் காய் என்று தோல்களைத் தரையில் வரிசை வரிசையாக அடுக்கட்டும். எந்த வரிசை நீளம், எது குட்டை என்று அவனே பார்ப்பான். அதில் விதைக்கு எடுத்து வைப்பதானால் எந்தக் காயை எடுப்பாய் என்று கேளுங்கள். அவன் சொல்லும் காரணத்தை எனக்கு எழுதி அனுப்புங்கள்.