ஃபீஸ் இலவசம், பஸ்ஸுக்கு யார் கொடுப்பாங்க?

அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் (இரண்டு வருடப் படிப்புக்கான அரசுக் கல்லூரி) நிதியுதவிப் பிரிவில் இருக்கிறேன். இலவசப் படிப்பில் சேர்ந்தவர்கள் கேட்டவை இவை.

அக்கா, மெம்ஃபிஸில் இருக்கோம். மகனுக்கு டென்னசி பிராமிஸ், அதான் மாநிலத்தோட இலவசக் காலேஜ் ஃபீஸ் திட்டம், கிடைச்சுது. ஆனா பிராமிஸ் தொகைன்னு பூஜ்யம்தான் காட்டுது. ஏமாத்திட்டாங்களா?

இல்லைங்க. 2015-ல் முதல் பேட்ச் சேர்ந்ததிலிருந்தே அது அப்படித்தான். முதலில் பெல் கிராண்ட் (குறைந்த வருமான மாணவர்களுக்கு மத்திய அரசு தரும் உதவி, கடன் இல்லை) மாதிரி உதவிகளைக் கழிப்பார்கள்; ஃபீஸில் பாக்கி இருந்தால்தான் பிராமிஸ் பணம். உங்கள் மகனுக்கு பெல்லே ஃபீஸை அடைத்திருக்கும். அதில் மீந்தது அவர் கைக்கு வரும், புத்தகத்துக்கு ஆகும். என்னைக் கேட்டால் அதிகம் திண்டாடுவது பெல் கிடைக்காத நடுத்தரக் குடும்பம்தான். ஃபீஸ் போகும், புத்தகத்துக்கு அந்தத் திட்டத்தில் சல்லிக்காசு வராது.

கலிஃபோர்னியாவில் ஃபீஸ் தள்ளுபடி ஆகியும் கையைக் கடிக்குதே?

பாடத்தின் அளவைச் சொல்லும் யூனிட் ஒன்றுக்கு ஃபீஸ் 46 டாலர். 15 யூனிட் எடுத்தால் செமஸ்டருக்கு 690. சான் ஹோசேயில் ஒரு மாத அறை வாடகையே அதைத் தாண்டிவிடும். தள்ளுபடி ஆனது அவ்வளவுதான்! புத்தகம் வாங்குமுன் நூலகக் கவுண்டரில் ரிசர்வ் பிரதி இருக்கிறதா கேளுங்கள். எங்களிடம் ஒரு பையன் இரண்டிரண்டு மணி நேரமாக உட்கார்ந்தே கெமிஸ்ட்ரியை முடித்தான். ஆன்லைன் ஹோம்வொர்க் தளத்துக்குள் நுழையும் கோடு மட்டும் இரவல் கிடைக்காது.

மகள் எச்4 விசா (எச்1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கானது). பெல் உண்டா?

கிடையாது. கிரீன் கார்டு வந்தபின் விண்ணப்பியுங்கள்.

ஸ்னாப் உணவு உதவி கேட்கலாமா?

பாதி நேரமோ அதற்கு மேலோ படிப்பவர்கள் பொதுவாக வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். சில விலக்குகள் உண்டு. வொர்க் ஸ்டடி (நிதியுதவியாகத் தரும் பகுதிநேர வேலை) கிடைத்து வேலை செய்பவருக்கு அந்த 20 மணிக் கணக்கு இல்லை. வொர்க் ஸ்டடி கிடைத்ததற்கான கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

நைட் ஷிஃப்ட் ஒத்துவரலை அக்கா. பாதியில் நின்னுடலாமா?

சொல்லாமல் மட்டும் நின்றுவிடாதீர்கள். பெல் பணம் முழுசும் உங்களுடையதாக செமஸ்டரில் 60 சதவீதத்தைத் தாண்டியிருக்க வேண்டும். 15 வாரத்தில் ஐந்தாவது வாரம் விட்டால் மூன்றில் ஒரு பங்குதான் உங்களுடையது. மிச்சத்தைக் காலேஜ் அரசுக்குத் திருப்பிவிட்டு உங்கள் பேரில் பில் போடும். இலவசமாய்ப் படித்தவர் கடனோடு போவது இப்படித்தான். இப்போது எத்தனையாவது வாரம் ஓடுகிறது?