கப்பலுக்குப் போகிறேன் என்கிற பிள்ளைக்கு யார் ஆசான்?

அம்மா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. இரண்டு தடவை வாசித்தேன். பிளஸ் டூ படிக்கிற மகன் மெர்ச்சன்ட் நேவியில் ஆபிசர் ஆவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். நாட்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கிற தங்கல் தொழிலுக்குப் போகிற அவன் அப்பா, “கடல் என்னோடு முடியட்டும்” என்கிறார். இதற்கிடையில் ஓர் ஆள் வீடு தேடி வந்து, நாலு லட்சம் தந்தால் ஆறு மாதத்தில் கப்பலில் ஏற்றிவிடுகிறேன், அதில் ஒரு லட்சம் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், “வழிகாட்ட எங்களுக்கு யாரும் இல்லை சார், இவர்தான் கிடைத்தார்” என்று முடித்திருக்கிறீர்கள்.

நகைக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வைக்க வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது. எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். அது உண்மை இல்லை அம்மா. உங்கள் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை வழிகாட்டி என்று நீங்கள் எண்ணவில்லை, அவ்வளவுதான்.

நம் குமரி மாவட்டத்தில் வழிகாட்டிக்கு ஏற்கெனவே ஒரு சொல் புழக்கத்தில் இருக்கிறது: ஆசான். அடிமுறை என்கிற நம் ஊர்த் தற்காப்புக் கலையைப் படிக்கப் போன பையனிடம் கேட்டுப் பாருங்கள். போன அன்றே எந்த ஆசானும் வர்மம், அதாவது உடம்பின் உயிர்நிலைகளைச் சொல்லித் தரமாட்டார். முதலில் சுவடு, அதாவது காலடி வைக்கப் பழகச் சொல்வார். பையன் தினமும் வருகிறானா, கோபக்காரனா, கூடப் படிக்கிறவனிடம் எப்படி நடக்கிறான் என்று பார்ப்பார். இவன் தாங்குவான் என்று தெரிந்த பிறகுதான் அடுத்தது. இப்போது வீடு தேடி வந்த ஆளை யோசித்துப் பாருங்கள். உங்கள் கடிதத்தின்படி அவர் மகனிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கணக்கில் எத்தனை மார்க், கண் பார்வை எப்படி, மாதக்கணக்கில் வீட்டை விட்டு இருப்பாயா, எதுவும் இல்லை. உங்களிடம் எத்தனை பவுன் இருக்கிறது என்று மட்டும் கேட்டிருக்கிறார். புரோக்கரை அடையாளம் காண எனக்கு இதுவே போதும்.

உங்களுக்குப் போதவில்லை என்றால், ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் ஆர்பிஎஸ்எல் எண் என்ன?” இந்தியாவிலிருந்து கப்பலுக்கு ஆள் எடுத்துத் தருகிற நிறுவனம் எதுவானாலும் அந்த உரிமம் வைத்திருக்க வேண்டும். கொடுப்பது மும்பையில் இருக்கிற, டி.ஜி. ஷிப்பிங் என்று எல்லோரும் சொல்லுகிற கப்பல் துறைத் தலைமை இயக்குநரகம். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் அவர்கள் இணையதளத்தில் இருக்கிறது. மகனே போனில் பார்த்துவிடலாம். உரிமம் இருந்தாலும்கூட, வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது என்பது விதி. 2006ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் அதையே சொல்கிறது. பாஸ்போர்ட், மெடிக்கல், சிடிசி என்கிற கடலோடி அடையாளப் புத்தகம் ஆகியவற்றின் செலவு மட்டும் நம்முடையது. பயிற்சி எதுவும் முடிக்காமலே ஏதோ ஒரு சின்ன நாட்டு சிடிசி வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னால், டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சரி, ஆசானுக்கு வருவோம்.

பெற்றோர் பலர் என்னிடம் வந்து, “யாராவது ஒரு பெரிய ஆளைக் காட்டுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்” என்கிறார்கள். இங்கேதான் பிசகுகிறது. ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள முடியாது. சமீப காலமாக என்னிடம் வருகிற பிள்ளைகளில் பலரும் இஸ்ரோ என்கிறார்கள். நம் மாவட்டத்துச் சரக்கல்விளைக்காரரான சிவன் 2018இல் இஸ்ரோ தலைவர் ஆனார், மேலக்காட்டுவிளைக்காரரான நாராயணன் 2025 ஜனவரியில் ஆனார். பிறகு ஆசை வராமல் இருக்குமா? வரட்டும். ஆனால் நாராயணன் 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தவர். பாலிடெக்னிக் டிப்ளமோவில் தொடங்கி, வேலைக்கு நடுவே காரக்பூர் ஐஐடியில் எம்.டெக்., அப்புறம் 2001இல் முனைவர் பட்டம் என்று படிப்படியாக ஏறியிருக்கிறார். தலைவர் பதவி நாற்பது வருடம் கழித்து வந்தது. தூரத்தில் இருக்கிற ஆள் பிள்ளைக்கு ஆசையைத் தருவார். இந்த வருடம் எந்தப் படிவத்தை எப்போது நிரப்புவது என்பதைப் பக்கத்துத் தெருக்காரர்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகனுக்கு என் கணக்கில் மூன்று பேர் வேண்டும்.

முதலாவது, கப்பலில் இப்போது வேலை பார்க்கிற ஒருவர். கேப்டனாக இருக்கத் தேவையில்லை. சொல்லப் போனால் கேப்டனை விட, நாலைந்து வருடம் முன்பு கேடட்டாக, அதாவது பயிற்சியாளராக ஏறி, இப்போது தேர்ட் மேட், செகண்ட் மேட் என்று இளநிலை அதிகாரியாக இருக்கிறவர் நல்லது. பழைய ஆட்கள் சொல்கிற விதிமுறை பாதி மாறியிருக்கும். பக்கத்து ஊர்களில் விசாரியுங்கள், பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். யார் வீட்டுப் பையன் கப்பலில் இருக்கிறான், எப்போது லீவில் வருவான் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கோ கிறிஸ்துமஸுக்கோ எப்படியாவது ஊரில் இருக்க வேண்டும் என்று லீவு கேட்டு வருகிறவர்கள் உண்டு.

வந்த முதல் வாரமே போய் நிற்க வேண்டாம். மாதக்கணக்கில் பிள்ளை முகம் பார்க்காமல் இருந்துவிட்டு வந்திருப்பார். பத்து நாள் கழியட்டும். அப்புறம் மகன் தனியாகப் போகட்டும். நீங்கள் கூடப் போனால் அவர் உங்களிடம் பேசுவார், பையன் சும்மா உட்கார்ந்திருப்பான். “அண்ணா, எனக்கு ஒரு வேலை” என்று ஆரம்பிக்கக் கூடாது. அந்த வார்த்தை வந்ததும் எந்த மனிதரும் பின்வாங்கிவிடுவார், ஏனென்றால் அது அவர் கையில் இல்லை. ஒரு நோட்டில் ஏழெட்டுக் கேள்வி எழுதிக்கொண்டு போகட்டும். கேடட்டாக ஏறின முதல் மாதம் என்ன வேலை செய்தீர்கள்? எதற்கு அழுதீர்கள்? எந்தப் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கலாம் என்று தோன்றியது? கூடச் சேர்ந்தவர்களில் யார் விட்டுவிட்டுப் போனார், ஏன்?

இப்படிக் கேட்டால் துரு சுரண்டின கதை வரும். அதிகாலை வாட்ச் என்கிற காவல் முறை, கரை தெரியாத நாட்கள், அம்மாச்சி இறந்த அன்று நடுக்கடலில் இருந்தது, எல்லாம் வரும். இதையெல்லாம் கேட்டுவிட்டும் மறுநாள் அதே ஆளிடம் இரண்டாவது தடவை போனான் என்றால், உங்கள் மகனின் ஆசை போஸ்டரைப் பார்த்து வந்ததில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். போகாமல் இருந்தாலும் நஷ்டமில்லை. நாலு லட்சம் மிச்சம்.

இரண்டாவது ஆள் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறார்: இயற்பியல் ஆசிரியர். அதிகாரி ஆகிற படிப்புகளுக்கு, இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து 60 சதவீதமும், பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ ஆங்கிலத்தில் 50 சதவீதமும் வேண்டும். அப்புறம் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்துகிற நுழைவுத் தேர்வு. 2008இல் தொடங்கிய பல்கலைக்கழகம், தலைமையிடம் சென்னை, கொச்சியிலும் வளாகம் உண்டு. தேர்வு ஆங்கிலத்தில் நடக்கும். உங்கள் மகன் தமிழ் வழி. விசை, முடுக்கம், உந்தம் எல்லாம் அவனுக்குத் தெரியும். அதே சங்கதி ஆங்கிலப் பெயரில் வந்து நின்றால் திணறுவான். வாரத்துக்கு ஒரு மணி நேரம், பழைய வினாத்தாளை வைத்து இந்தப் பெயர்களைப் பழக்கிவிட ஆசிரியரால் முடியும். அவராக முன்வரமாட்டார், நாற்பது பிள்ளைகள் அவருக்கு. மகன் போய்க் கேட்க வேண்டும், கேட்ட பிறகு ஒரு வாரம்கூடத் தவறாமல் போய் நிற்க வேண்டும். ஆசான்கள் எல்லோரும் பார்க்கிற முதல் பரீட்சை இதுதான்.

மூன்றாவது ஆளைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவன் அப்பா.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது உங்கள் வீடு எப்படி இருந்தது என்று ஒரு பத்தி எழுதியிருக்கிறீர்கள். அவர் திரும்பி வந்தார், கூடப் பிறந்தவர் வரவில்லை. அந்த மனிதர் மகனைக் கடலுக்கு அனுப்ப மறுப்பதில் என்ன பிழை? நான் அவரை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் கருத்தைக் கேட்காமல் தொழிலைக் கேட்கச் சொல்லுங்கள். ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் மீன் கிடக்கிற பாரை, அதாவது கடலடிப் பாறைத் திட்டை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று மகன் கேட்கட்டும். கரையில் ஒரு சர்ச் கோபுரத்தையும் பின்னால் ஒரு மலைமுனையையும் நேர்பிடித்து, இன்னொரு பக்கம் வேறு இரண்டை நேர்பிடித்து, இரண்டு கோடும் சந்திக்கிற இடத்தில் நின்றோம் என்பார். கப்பல் அதிகாரி படிப்பில் இதே வித்தை டிரான்சிட் என்ற பெயரில் பாடமாக வருகிறது. காற்று திரும்புவதை எதை வைத்து அறிவது, நீரோட்டம் எந்த மாதம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவர் நாக்கில் இருக்கிறது. கேட்க ஆள் இல்லாததால் சொல்லாமல் இருக்கிறார். மகன் உட்கார்ந்து எழுதிக்கொண்டால் வீட்டுக்குள் இருக்கிற சண்டையின் சுருதி மாறும். அவர் சம்மதிப்பார் என்று நான் வாக்குத் தரவில்லை. பேசுவார்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. இதை நான் ஒரு பையனின் செலவில் கற்றேன். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். ராஜாக்கமங்கலம் பக்கத்துப் பையன். கப்பலை ஓட்டுகிற டெக் அதிகாரி ஆக வேண்டும் என்று வந்தான். பாடம், தேர்வு, ஆங்கிலம், எல்லாவற்றுக்கும் ஆள் பிடித்துக் கொடுத்தேன், தேர்வும் பெற்றான். மெடிக்கலில் வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கிற அட்டையைக் காட்டினார்கள். அவனுக்கு எண் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத கண் என்று அதுவரை அவனுக்கே தெரியாது. இரவில் எதிரே வருகிற கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைச் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் வைத்துத்தான் சொல்ல முடியும், அதனால் அங்கே தயவு தாட்சண்யம் கிடையாது. அவன் அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. பையன் இப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் இருக்கிறான், நன்றாகவே இருக்கிறான். ஆனாலும் அந்த ஒரு வருடத்துக்கு நான் பொறுப்பு. ஆகவே சனிக்கிழமை மகனை ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போய், நிறப் பார்வையும் தூரப் பார்வையும் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

படிப்பு வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நேரில் விரிவாகப் பேசலாம். மூன்று வருட பி.எஸ்சி. நாட்டிக்கல் சயின்ஸ், அல்லது ஒரு வருட டிப்ளமோ. இரண்டும் டெக் பக்கம். நான்கு வருட மரைன் இன்ஜினியரிங், இன்ஜின் பக்கம். டிப்ளமோவுக்குச் சேரும்போதே ஒரு கப்பல் நிறுவனத்தின் ஸ்பான்சர்ஷிப் கடிதம் வேண்டும், கஷ்டம் அங்கேதான். மற்ற படிப்புகளிலும் முடித்தவுடன் கேடட் இடம் கிடைப்பதுதான் இறுக்கமான வாசல். எந்தக் கல்லூரியில் சேர்த்தாலும், அது டி.ஜி. ஷிப்பிங் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, போன வருடம் எத்தனை பேரைக் கப்பலில் ஏற்றினார்கள் என்று அந்த லீவுக்கார அண்ணனை விட்டே விசாரிக்கச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புத் தகுதியில் ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் பயிற்சியும் உண்டு, ஆனால் அது மாலுமி வேலைக்கு. அதிகாரி ஆசை உள்ளவன் அதை முதல் வழியாக எடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பணத்துக்கு, 7.5 லட்சம் ரூபாய் வரை அடமானம் கேட்காத கல்விக் கடன் திட்டம் வங்கிகளில் இருக்கிறது. நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வேலை மட்டும். மகன் அந்த அண்ணனிடம் போய்விட்டு வந்த அன்று, “என்ன சொன்னார், வேலை வாங்கித் தருவாரா?” என்று வாசலில் வைத்துக் கேட்டுவிடாதீர்கள். சாப்பாடு போடுங்கள். அவனாகச் சொல்வான்.

அடுத்த மாதம் ஏதாவது ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் நாகர்கோவிலுக்கு வாருங்கள், அப்பா கரையில் இருக்கிற வாரமாகப் பார்த்து. கண் டாக்டர் சீட்டும், அரையாண்டு மார்க்கும், கேள்வி எழுதின நோட்டும் கையில் இருக்கட்டும். அந்த நோட்டில் அப்பா சொன்னதும் ஒரு பக்கமாவது இருந்தால், நான் முதலில் அதைத்தான் வாசிப்பேன்.